ஸ்கிராட்சில் சரளி வரிசை: சுருதிக்கு ஓர் எண், தாளத்துக்கு ஒரு கடிகாரம்

பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் முதல்முறை பாட்டுப் போடுகிறவர்கள் 'ப்ளே நோட்' பிளாக்கை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்து ஸ்வரம் வரை சுகமாகத்தான் இருக்கும். நாற்பதைத் தொட்டதும் இரண்டு சிக்கல் வரும். பாடுகிற குழந்தைக்குச் சுருதி எட்டவில்லை என்றால் நாற்பது எண்களையும் மாற்றி எழுத வேண்டும். பக்கத்தில் தாளம் சேர்த்தால், முதல் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) ஒட்டி வந்தது நாலாவதில் விலகி நிற்கும். சுருதி மாதா, லயம் பிதா என்று பாட்டு வகுப்பில் சொல்வதை நிரலுக்கும் கொண்டுவந்தால் இரண்டும் தீரும். சுருதி திட்டம் முழுவதிலும் ஒரே இடத்தில், ஒரே எண்ணாக இருக்கட்டும். காலத்தை எல்லா ஸ்பிரைட்டுகளும் (நிரல் எழுதப்படும் திரை உருவங்களும்) ஒரே கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். இந்த முறையில், மாயாமாளவகௌளை ராகத்தில் பாட்டு வகுப்பின் தொடக்கப் பயிற்சியான முதல் சரளி வரிசையை, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தோடு வாசிக்கும் திட்டத்தைக் கட்டும் வழி இது.

ஸ்கிராட்ச் இலவசம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் பிறந்தது, நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அல்ல. 2007-இல் பொதுவில் வந்தது. இப்போது புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் இதன் அறிமுகம் உண்டு. பிரவுசரிலேயே ஓடும். இணையம் விட்டுவிட்டு வரும் வீடுகளில் செயலியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், குரோம்புக், ஆண்ட்ராய்டு நான்குக்கும் செயலி இருக்கிறது. லினக்ஸ் மட்டும் உள்ள மடிக்கணினியில் பிரவுசர்தான் வழி.

ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது. ஒலி சற்றுப் பிந்தி வருவதால் தாளம் பிசகுவது நிரலிலா காதிலா என்று தெரியாமல் போகும். வயர் உள்ள ஹெட்போனோ கணினியின் ஸ்பீக்கரோ போதும்.

திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி 'மியூசிக்' என்ற நீட்சியைச் சேருங்கள். பிளாக் பட்டியலின் அடியில் புதுப் பிரிவு தோன்றும். அதில் 21 வாத்தியங்கள், 18 தாளக் கருவிகள். வீணை, மிருதங்கம் கிடையாது. அந்தக் குறையைப் பிறகு நாமே நிரப்பலாம்.

ஸ்வரத்தை எண்ணாக்குவது

'ப்ளே நோட்' பிளாக்கில் 60 என்று இருக்கும். அது பியானோவின் நடு சி, பாடகர்களின் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. எண் ஒன்று கூடினால் அரைக்கட்டைபோல் அடுத்த சாவிக்கு ஏறும். 12 கூடினால் மேல் ஸ்தாயி. எனவே ஷட்ஜத்தை 0 என்று வைத்து அங்கிருந்து எண்ணினால் எந்த ஸ்வரத்துக்கும் ஒரு தூரம் கிடைக்கும். சுத்த ரிஷபம் 1, சதுஸ்ருதி ரிஷபம் 2, சாதாரண காந்தாரம் 3, அந்தர காந்தாரம் 4, சுத்த மத்தியமம் 5, பிரதி மத்தியமம் 6, பஞ்சமம் 7, சுத்த தைவதம் 8, சதுஸ்ருதி தைவதம் 9, கைசிகி நிஷாதம் 10, காகலி நிஷாதம் 11, தார ஷட்ஜம் 12.

மாயாமாளவகௌளை இப்படி வரும்: 0, 1, 4, 5, 7, 8, 11, 12.

இதில் 1-ஐ 2 ஆக்கி, 8-ஐ 9 ஆக்கினால் சங்கராபரணம். சங்கராபரணத்தின் 5-ஐ 6 ஆக்கினால் கல்யாணி. 29-ஆவது மேளமான சங்கராபரணம் ஓர் எண் மாறி 65-ஆவதான கல்யாணி ஆவதைக் குழந்தையே விரலால் செய்து கேட்கும்போது, 72 மேளகர்த்தா (தாய் ராக) அட்டவணை மனப்பாடச் சுமையாக இருப்பது நின்றுவிடும். இந்தத் திட்டத்தைச் செய்துபார்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஷட்ஜம் எங்கே என்பதை 'ஆதாரம்' என்ற ஒரே மாறியில் வையுங்கள். இங்கே பலரும் இடறுவார்கள். ஐந்து கட்டைக்கு 67 என்று போட்டால் பாட முடியாத உயரத்தில் ஒலிக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கும் குழந்தைக் குரலுக்கும் 55 வையுங்கள். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு 48. ஐந்தரை என்றால் 56.

மூன்று பட்டியல்கள்

'வேரியபிள்ஸ்' பிரிவில் மூன்று லிஸ்ட் உருவாக்குங்கள்.

'ராகம்' பட்டியலில் மேலே சொன்ன எட்டு எண்கள். 'வரிசை' பட்டியலில் ஸ்வரத்தின் எண் அல்ல, ராகத்தில் அது எத்தனையாவது என்ற இடம்: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, பிறகு 8, 7, 6, 5, 4, 3, 2, 1. மொத்தம் 16 உருப்படி, இரண்டு ஆவர்த்தனம். 'நீளம்' பட்டியலில் அந்த 16-க்கும் எத்தனை அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்பது. முதல் சரளி வரிசைக்கு எல்லாமே 1. கார்வை (ஸ்வரத்தின் நீட்டல்) வரும் இடத்தில் 2 அல்லது 3 என்று மாற்றினால் போதும்.

ராகத்தையும் வரிசையையும் பிரித்து வைப்பதன் பலன் பெரிது. ராகப் பட்டியலை மட்டும் மாற்றினால் அதே வரிசை கரகரப்பிரியாவில் ஒலிக்கும். 0, 2, 3, 5, 7, 9, 10, 12 என்று எழுதிப் பாருங்கள்.

பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். நோட்பேடில் வரிக்கு ஓர் எண்ணாக எழுதிச் சேமித்து, திரையில் தெரியும் பட்டியலின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் 'இம்போர்ட்' வரும்.

நிரல்

ஓர் அட்சரத்துக்கு எத்தனை ஸ்வரம் என்பதைச் சொல்ல 'காலம்' என்ற மாறியையும் எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக உருவாக்குங்கள். நடத்துநராக ஸ்டேஜையே (உருவங்கள் நிற்கும் பின்னணியை) வைத்துக்கொள்ளலாம். அதில் பச்சைக் கொடிக்குக் கீழே இந்த வரிசை:

டெம்போவை 60 ஆக்கு
ஆதாரத்தை 55 ஆக்கு
காலத்தை 1 ஆக்கு
டைமரை ரீசெட் செய்
'தொடங்கு' என்று பிராட்காஸ்ட் செய்

கொடியை அழுத்தினாலே டைமர் சுழியமாகும். ஆனாலும் ரீசெட் பிளாக்கை விடாதீர்கள். பின்னால் வேறு பொத்தானால் தொடங்க நினைத்தால் அதுதான் காப்பாற்றும். மற்ற ஸ்பிரைட்டுகளில் கொடி பிளாக் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் 'தொடங்கு' என்ற செய்திக்கே காத்திருக்கட்டும்.

இனி பாடும் ஸ்பிரைட். அதில் இடம், எண், ஸ்வரம், அளவு என நான்கு மாறிகள். உருவாக்கும்போது 'ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் தாள ஸ்பிரைட்டும் அதே 'இடம்' மாறியைக் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டு ஓடும், ஸ்வரங்கள் பாதி காணாமல் போகும். இந்தத் திட்டத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

'தொடங்கு' வந்ததும்
இன்ஸ்ட்ருமென்ட் 4
இடம் = 8, எண் = 1
ஃபார்எவர் உள்ளே:
டைமர் > இடம் × 60 ÷ டெம்போ ஆகும்வரை காத்திரு
ஸ்வரம் = ராகத்தில், வரிசையின் எண்-ஆவது உருப்படி சொல்லும் இடத்தில் இருப்பது
அளவு = நீளத்தின் எண்-ஆவது உருப்படி ÷ காலம்
இடத்தை அளவால் கூட்டு
எண்ணை 1 கூட்டு
எண், வரிசையின் மொத்த உருப்படிகளைத் தாண்டினால் எண் = 1
நோட் ஆதாரம் + ஸ்வரம், அளவு × 0.9 பீட்டுக்கு வாசி

இடம் 8-இல் தொடங்குவது தற்செயல் அல்ல. முதல் எட்டு அட்சரம் தாளம் மட்டும் போகும். பாடுகிறவர் சுருதி பிடித்துக்கொள்ள ஓர் ஆவர்த்தனம் கிடைக்கும். வாத்திய ஒலிகள் கணினியில் ஏறவும் அந்த அவகாசம் உதவும். அதை 8.5 ஆக்கினால் பாட்டு சமத்திலிருந்து (ஆவர்த்தனத்தின் முதல் தட்டிலிருந்து) அரை இடம் தள்ளி எடுக்கும். அரை இட எடுப்பைக் கையில் தாளம் போட்டுப் பிடிக்கத் திணறும் மாணவருக்கு இதைவிடப் பொறுமையான துணை கிடையாது.

பூஜ்யம் புள்ளி ஒன்பதால் பெருக்குவது ஏன்? நோட் பிளாக் தன் பீட் முடியும்வரை அடுத்த பிளாக்கை விடாது. முழு அளவும் வாசித்தால் அடுத்த ஸ்வரத்தின் நேரம் அதற்குள் வந்துவிடும். பத்தில் ஒரு பங்கு முன்னதாக முடித்துக்கொண்டால் நிரல் டைமரைப் பார்க்க நேரம் இருக்கும்.

வாத்தியத் தேர்வு: கிட்டார் 4, பியானோ 1, மரிம்பா 19 ஆகியவை தட்டியதும் ஒலிப்பதால் தாளம் தெளிவாகத் தெரியும். மெதுவான பாட்டுக்கு 13-ஆவதான மரப் புல்லாங்குழல் அழகு. கொயர், சின்த் பேட் இரண்டும் மெல்ல எழும்பும் ஒலிகள். நிரல் சரியாக இருந்தாலும் பிந்துவதுபோலவே கேட்கும்.

தாளம்

தாள ஸ்பிரைட்டில் 'தாளம்' என்ற பட்டியல்: 8, 3, 3, 3, 8, 12, 8, 12. எட்டாவது கருவி கைதட்டு, மூன்றாவது சைடு ஸ்டிக், பன்னிரண்டாவது டிரையாங்கிள். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம் காதிலேயே கேட்கும். நிரல் பாடும் ஸ்பிரைட்டின் அதே அமைப்பு. இடம் 0-இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 1 கூடும், நோட்டுக்குப் பதில் 'ப்ளே டிரம்', நீளம் 0.9. விரல் எண்ணும் இடத்தில் வால்யூமை 40-க்கு இறக்கி, தட்டில் 100-க்கு ஏற்றினால் சமம் தனித்துத் தெரியும்.

மிச்ர சாபுக்குப் பட்டியலை ஏழு உருப்படியாக்கி 8, 0, 0, 8, 0, 8, 0 என்று எழுதலாம். மூன்று, இரண்டு, இரண்டு. 0 வரும் இடத்தில் டிரம் பிளாக்கைத் தவிர்க்க ஒரு 'இஃப்' தேவை.

கடிகாரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், ஸ்கிராட்ச் ஒரு வினாடிக்கு 30 முறை திரையைப் புதுப்பிக்கும் நிரல். ஒரு நோட் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு தடவையும் சிறு தாமதம் சேரும். திரையில் உருவங்கள் அசைந்துகொண்டிருந்தால் அது ஒரு பிரேம் வரை, அதாவது வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வரை போகலாம். அடுக்கி வைத்த பிளாக்குகளில் இந்தத் தாமதங்கள் கூடிக்கொண்டே போகும். ஒரு பீட்டுக்கு நான்கு தட்டு உள்ள தாளம், ஒரு பீட்டுக்கு ஒரு ஸ்வரம் உள்ள பாட்டைவிட வேகமாகப் பின்தங்கும். இரண்டும் பிரிவது அதனால்தான். டைமரைப் பார்த்து வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் துளி பிந்தினாலும் அடுத்தது தன் இடத்துக்கே வந்து சேரும். பிழை சேராது.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. பாட்டு ஓடும்போது டெம்போவை மாற்றக் கூடாது. 60-இல் நூறு அட்சரம் போன பிறகு 40 ஆக்கினால், 101-ஆவது அட்சரம் ஏறக்குறைய 150-ஆவது வினாடியில்தான் என்று கணக்கு வரும். ஐம்பது வினாடி மௌனம். 90 ஆக்கினால் தலைதெறிக்க ஓடிப் பிடிக்கப் பார்க்கும். நிறுத்தி, டெம்போவை மாற்றி, மறுபடி கொடியை அழுத்துங்கள்.

காலமும் நடையும் இதைவிட எளிது. ஸ்டேஜில் காலத்தை 2 ஆக்கினால் இரண்டாம் காலம்: 16 ஸ்வரமும் ஓர் ஆவர்த்தனத்தில் அடங்கும். 4 ஆக்கினால் மூன்றாம் காலம். அரை ஆவர்த்தனத்தில் முடிவதால் இரண்டு சுற்று பாடினால் சமத்துக்கு வரும். 3 ஆக்கினால் அட்சரத்துக்கு மூன்று ஸ்வரம் வரும் திஸ்ர நடை. 16 ஸ்வரம் மூன்று தடவை சுற்றி, 16 அட்சரத்தில் சமத்தைப் பிடிக்கும். முதலில் மாணவரைக் கணக்குப் போட்டு எங்கே முடியும் என்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு கொடியை அழுத்துங்கள்.

நடுநடுவே காரணமில்லாமல் ஷட்ஜம் ஒலித்தால் பட்டியலைச் சந்தேகியுங்கள். ஸ்கிராட்ச் எண் அல்லாத எதையும் கணக்கில் 0 என்றே எடுக்கும். ஓய்வுக்காக வரிசையில் காற்புள்ளி போட்டிருந்தால் அதுவும் 0, அதுவும் ஷட்ஜம். காற்புள்ளி என்றால் வாசிக்காமல் இடத்தை மட்டும் கூட்டும்படி 'இஃப்' வையுங்கள். மோகனத்துக்காக ராகப் பட்டியலை 0, 2, 4, 7, 9, 12 என்று ஆறாகக் குறைத்துவிட்டு, வரிசையில் 7, 8 அப்படியே இருந்தாலும் இதே ஷட்ஜம்தான் வரும்.

மிருதங்கம் இல்லாத குறை

டிரம் 13 போங்கோ, 14 கோங்கா. அவசரத்துக்குப் போதும், ஆனால் திருப்தி தராது. நீங்களே சொற்கட்டை (மிருதங்க ஒலியை வாயால் சொல்வதை) பதிவு செய்வது மேல். 'சவுண்ட்ஸ்' தாவலில் மைக் பொத்தானை அழுத்தி த, க, தி, மி, கி, ட என ஆறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். சென்னைத் தெருவில் ஹார்ன் இல்லாத ஐந்து நிமிடம் விடியற்காலையில்தான் கிடைக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருக்கும் மௌனத்தை அலைவடிவில் தேர்ந்து அழித்துவிடுங்கள். கால் வினாடி மௌனம் விட்டால்கூட மூன்றாம் காலத்தில் அது ஒரு முழு ஸ்வரத்தின் பிந்தல்.

ஒலிகளுக்கு அதே எழுத்தையே பெயராக வைத்து, 'சொல்' என்ற பட்டியலில் த, க, த, கி, ட என்று ஐந்தாகப் போகும் கண்ட நடையை எழுதுங்கள். அதன் உருப்படியை 'ஸ்டார்ட் சவுண்ட்' பிளாக்கின் பெயர்க்கட்டத்தில் நேராகப் போடலாம். பெயரில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் ஒலி வராது, பிழைச் செய்தியும் வராது. 'ப்ளே சவுண்ட் அன்டில் டன்' வேண்டாம். ஒலி முடியும்வரை நிரலை நிறுத்தி வைத்துவிடும்.

ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகமும் இதே வழியில்தான். 'ப்ளே நோட்' ஒலிக்கத் தொடங்கிய பிறகு அதை வளைக்க முடியாது. அது ஹார்மோனியம் மாதிரி. ஸ்வரம் அசைந்தாடும் கம்பிதம் வேண்டுமானால் ஒரு ஸ்வரத்தை மூன்று வினாடி நீட்டிப் பாடிப் பதிந்து, 'பிட்ச்' எஃபெக்டால் அசையுங்கள். அதில் 10 என்பது ஓர் அரைக்கட்டை, 120 என்பது ஒரு ஸ்தாயி. பிட்சை 4 கூட்டு, 0.03 வினாடி காத்திரு என்பதை ஐந்து முறை, பிறகு 4 குறைத்து ஐந்து முறை, இந்த இரண்டையும் சேர்த்து ஐந்தாறு சுற்று. தொடங்கும் முன் 'கிளியர் சவுண்ட் எஃபெக்ட்ஸ்' போடாவிட்டால், கொடியை அழுத்தாமல் மறுபடி தொடங்கும்போது பாதியில் நின்ற வளைவு ஒட்டிக்கொண்டு வரும், சுருதி கெடும். பிட்ச் ஏறினால் ஒலி வேகமாக ஓடிச் சீக்கிரம் முடியும் என்பதால் பதிவைத் தேவைக்கு மேல் நீளமாகவே வையுங்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இது வித்வானின் கமகம் ஆகாது. எங்கே வளைகிறது என்று காட்டுவதற்கு இது போதும்.

கையால் வாசிக்க

மேல் ஷட்ஜத்தோடு ஆறு ஸ்வரமாகும் மோகனம், தொடுவதைக் கீபோர்டுப் பொத்தான் அழுத்தமாக மாற்றும் மேக்கி மேக்கி என்ற சிறு மின்பலகைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். அந்தப் பலகையின் முன்பக்கத்தில் நான்கு அம்பு, ஸ்பேஸ், கிளிக் என ஆறு தொடுமுனைகள். சென்னை ரிச்சி தெருவில் முதலைக் கிளிப் வயர் ஏழு வாங்குங்கள்: ஆறு ஸ்வரத்துக்கு, ஒன்று எர்த்துக்கு. சமையலறை அலுமினியத் தாளை ஆறு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கிளிப். வாசிப்பவர் எர்த் வயரின் உலோகத்தை ஒரு கையில் பிடித்திருக்க வேண்டும். ஒலி வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை அதை விட்டிருப்பார். நம் ஊர் வியர்வை இங்கே நல்லது. ஏசி அறையில் கை காய்ந்துபோனால் விரலை லேசாக ஈரப்படுத்துங்கள். துண்டுகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும்.

பலகை இல்லாதவர்கள் கீபோர்டின் அந்த ஆறு பொத்தான்களையே பயன்படுத்தலாம், நிரல் ஒன்றுதான். 'வென் கீ பிரஸ்ட்' பிளாக் வேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். ஃபார்எவருக்குள், பொத்தான் அழுத்தப்பட்டால் வாசி, பிறகு அது விடுபடும்வரை காத்திரு என்று எழுதுங்கள். ஆறு ஸ்வரத்துக்கும் ஆறு தனி ஃபார்எவர். ஒரே ஃபார்எவரில் ஆறையும் அடைத்தால் ஒரு விரலை எடுக்கும்வரை மற்ற ஐந்தும் ஊமை. கிளிக் முனைக்கு 'மவுஸ் டவுன்' என்ற பிளாக்கைப் பயன்படுத்துங்கள், 'வென் திஸ் ஸ்பிரைட் கிளிக்ட்' அல்ல. அது கர்சர் ஸ்பிரைட்டின் மேல் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஸ்கிராட்ச் தளத்தின் பயனர் கணக்கில் நுழையாமல் செய்கிறவர்கள் 'ஃபைல்' பட்டியில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' அழுத்தித் திட்டத்தை அவ்வப்போது இறக்கிவைக்க வேண்டும். பேட்டரி போன மடிக்கணினியில் மின்சாரம் நின்றால் பட்டியல்களோடு எல்லாம் போய்விடும்.